டிக்கிக்குள் போகாத நாற்காலி

என் வீட்டுக்காரர் சிவசங்கர் ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் சூப்பர்வைசர்; கார்கள் வரிசையாக நகரும் லைனில் டிக்கி பூட்டிப் பூட்டி மேலே வந்தவர், இப்போதும் ஆள் குறைந்தால் தானே பூட்டுவார். அந்த கேட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. அவர்கள் செய்த கார் என்றால் உள்ளே நிழலில் நிறுத்தலாம். வேறு கம்பெனி கார் என்றால் வெளியே, லாரிகளுக்கு நடுவில், வெயிலில். எங்களுடையது வேறு கம்பெனி ஹைப்ரிட். அதை வெளியே விட்டுவிட்டு இவர் நடந்து போகும்போதெல்லாம், "இன்னா சார், மாமியார் வூட்டு வண்டியா?" என்று லைன் ஆட்கள் கிண்டலடிப்பார்களாம். அது போதாதா? மனுஷனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது, தன் கம்பெனி ஹைப்ரிட்டைத்தான் வாங்குவேன் என்று நின்றார்.

"இருக்கிற வண்டிக்கு இன்னாங்க கொறச்சல்?" என்று கேட்டேன்.

"அது சின்ன பேட்டரி, சசி. பேருக்குத்தான் ஹைப்ரிட். எங்களுது பெரிய பேட்டரி. டிராபிக்ல கரண்டுலயே போவும்."

"ஓட்டிப் பாத்தீங்களா?"

"நான் பூட்டுற வண்டிய நானே ஓட்டிப் பாக்கணுமா? நல்லா கேட்ட போ!"

செவிடன் காதில் ஊதிய சங்கு. பழைய காரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தோம், வாலாஜாபாத்துக்காரர் ஒருவர் அதை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புதுசு வந்தது. எலுமிச்சம்பழம் நசுக்கி வல்லம் வரை ஒரு சுற்று போனோம். சும்மா சொல்லக்கூடாது, சத்தமே இல்லாமல் போனது, எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் எங்கள் ஒரே மகள் தென்றலுக்குத் தண்டலத்தில் காலேஜ் முதல் நாள். பிறந்ததிலிருந்து அவளுக்குக் கால் வராது. பேட்டரி நாற்காலி வந்த பிறகுதான் காலேஜுக்கே சம்மதித்தாள். அதில் உட்கார்ந்தால் வகுப்புக்கு வகுப்பு தானே போய்விடுவாள், யாரும் தள்ள வேண்டியதில்லை. பழைய கார் டிக்கியில் அது சமர்த்தாக உட்காரும்.

காலையில் அவளைத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைத்தார். பெல்ட் போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, காலேஜ் வாட்ஸப் குரூப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் நாற்காலியைத் தூக்கி டிக்கியில் வைத்தோம். பாதிதான் போனது. படுக்க வைத்தோம், திருப்பி வைத்தோம், கைப்பிடியைக் கழற்றினோம். ம்ஹூம்.

"பலகைய எடு," என்று அவரே சொல்லிக்கொண்டு டிக்கியின் தரைப்பலகையைப் பார்க்காமலே கழற்றினார். வருஷக்கணக்காக லைனில் அந்தப் பலகையைப் பூட்டிய கை அது. அடியில் பெட்டி மாதிரி பேட்டரி, போல்ட் போட்டு இறுக்கியிருந்தது.

"இதத்தான தெனமும் பூட்டிக்கினு இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"பூட்டுனேன்டி. கார் நவுந்துகினே இருக்கும், பலகைய வெச்சுத் தட்டிட்டு அடுத்த வண்டிக்கு ஓடணும். அதுல எவன் இன்னாத்த வெப்பான்னு யாரு யோசிக்கிறா?"

இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா! ஊரெல்லாம் ஓடுகிற காருக்கு டிக்கி பூட்டுகிறவர், சொந்த மகளின் நாற்காலியை அளக்கவில்லை. நான் மட்டும் அளந்தேனா? நானும் எலுமிச்சம்பழம்தானே நசுக்கினேன்.

பின்கதவு வழியாகத் திணித்துப் பார்த்தார், சக்கரம் மாட்டிக்கொண்டு கதவு ஓரத்து ரப்பர் கிழிந்தது. டிக்கியைத் திறந்தபடி கயிறு கட்டலாமா என்றேன். "ஹைவேல கண்டெய்னர் முன்னாடி வுழுந்தா?" என்றார். குட்டி யானை லோடு வண்டி வைத்திருக்கும் கோபாலுக்குப் போன் போட்டோம். மத்தியானம் வரை லோடு என்றான்.

"யார்கிட்டயாவது தள்ளுற சேர் வாங்கியாறேன்டி. நானே கூட வந்து தள்ளிக்கினு போறேன்," என்று ஜன்னலில் குனிந்து சொன்னேன்.

"நாலு வருஷமும் நீயேவா தள்ளுவ?" என்றாள் தென்றல். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் தேவலை.

லைனிலிருந்து இவருக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. வியர்வை சொட்ட நாற்காலியைப் பிடித்தபடி நின்றார். பதினெட்டு வருஷமாக எதையாவது செய்து சமாளிக்கிறவர், அன்றைக்கு வழி தெரியாமல் நின்றதைப் பார்த்ததும் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

தென்றல் போனை அணைத்துப் பைக்குள் வைத்தாள். பெல்ட்டைக் கழற்றினாள்.

"அப்பா, உனக்கு ஷிப்டுக்கு நேரமாவுது," என்றாள். "சேரை இந்தப் பக்கம் கொண்டா. நான் எறங்கி வூட்டுக்குள்ள போயிக்கிறேன்."

அவர் கொண்டு வந்தார்.