ஜலாலுதீனின் லென்ஸில் ஃபங்கஸ்

துபாயிலிருந்து தன் மகன் ஷஹீர் கொண்டுவந்த வெள்ளை லென்ஸை எங்கள் கேமராக் கூட்டத்து ஜலாலுதீன் பெட்டியிலிருந்து எடுத்தபோது பீரங்கியை இறக்குகிறார்கள் என்றுதான் நினைத்தேன். திற்பரப்பு அருவியில் குளிக்கிறவன் முதுகு மச்சத்தை, கருங்கல் சந்தையில் நின்றபடி அதில் பார்த்துவிடலாம். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். வயிற்றெரிச்சலை மட்டும் கூட்டிச் சொல்லவில்லை. அன்று என் வீட்டுக்காரி நாகம்மை வைத்த ரசம் என் வயிற்றுக்குள் போய் இரண்டாம் முறை கொதித்தது.

என் லென்ஸ் ஐம்பது எம்.எம். கட்டைவிரல் நீளம். அதை வைத்துப் பறவையைப் படமெடுக்க வேண்டுமென்றால் பக்கத்தில் போய்ப் பறவையிடம் அனுமதி கேட்க வேண்டும்.

மின்வாரியத்தில் ஓய்வு பெற்றபின் எனக்கு ஒரே ஆசைதான். எங்கள் கேமராக் கூட்டம் வருஷா வருஷம் போடும் காலண்டரின் அட்டையில் என் படம் வர வேண்டும். வடசேரிச் சந்தையில் எங்கள் காலண்டர் தொங்காத கடையே கிடையாது. ஆனால் அட்டையில் எப்போதும் செயலாளர் வைகுண்டராஜனின் சூரியோதயம். சூரியன் அவருக்கு மட்டும் உதிக்கிறது போல. எனக்கு டிசம்பர் பக்கம். டிசம்பரில் எவன் காலண்டரைப் பார்க்கிறான்? புதுக் காலண்டர் வந்தாச்சா என்றல்லவா கேட்கிறான்!

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாதக் கடைசி ஞாயிறு, மாற்று ஞாயிறு. யாருக்கு யார் லென்ஸ்மேல் கண்ணோ, அன்று காலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பொறாமையில் கூட்டம் உடைந்து போகாமலிருக்க வைகுண்டராஜன் கண்டுபிடித்த மருந்து. அந்த ஞாயிறு தேரூர் குளக்கரையில், ஆட்டோ நிற்பதற்கு முன்பே குதித்து ஜலாலுதீனைப் பிடித்துக்கொண்டேன்.

“எடுத்துக்கிடும் ஓய், சுயம்பு,” என்றார். “ஒரு காரியம் மட்டும் கேட்டுக்கிடும். பக்கத்துல வாற சாதனம் இதுல...”

“எனக்குத் தெரியும்வே. கரண்ட்டையே மேய்ச்சவனுக்கு லென்ஸ் படிப்பிக்காதயும்.”

“செரி, செரி. உம்ம சின்னதத் தாரும்.”

என் லென்ஸை அவர் கேமராவில் மாட்டிக்கொண்டு எனக்குப் பக்கவாட்டில் தள்ளிப் போய் நின்றார். நான் முக்காலியில் பீரங்கியை ஏற்றி, கண்ணை ஒட்டவைத்தேன். அப்பப்பா! எதிர்க்கரையில் கூழைக்கடா கொட்டாவி விட்டது, உள்நாக்கு தெரிந்தது. இவ்வளவு நாளும் இதையெல்லாம் இந்த மனுஷர் ஒருத்தரே பார்த்திருக்கிறார் என்று நினைத்ததும் கூழைக்கடாமேல்கூடக் கோபம் வந்தது.

திடீரென்று காட்சி மங்கியது. மேலே நீலமாக ஒரு மூட்டம். வளையத்தைச் சுழற்றிப் பார்த்தேன், போகவில்லை. துணியால் கண்வைக்கும் பக்கத்தைத் துடைத்தேன், போகவில்லை. அப்போது புரிந்தது. புரிந்த சந்தோஷத்தில் என் முழங்கால் வலி பறந்தது.

அவர் குடியிருக்கும் தேங்காப்பட்டணத்துக் கடற்காற்று! உப்பு ஈரம்! லென்ஸுக்குள் ஃபங்கஸ் பிடித்துவிட்டது! ஃபங்கஸ் நீலமாக வருமா என்றெல்லாம் யோசிக்கவில்லை. பொறாமைக்கு எல்லா நிறமும் சம்மதம்.

கண்ணை எடுக்காமலே கத்தினேன். “ஓய் ஜலாலுதீன்! உம்ம லென்ஸு போச்சுவே! உள்ள பூரா ஃபங்கஸு! பாசி புடிச்ச கெணறு மாதிரில்லா கெடக்கு!”

பக்கத்தில், என் லென்ஸை மாட்டிய அவர் கேமரா கிளிக், கிளிக் என்றது.

“அனங்காதயும், ஆடாம நில்லும்,” என்றார் மெதுவாக. “ஃபங்கஸு பறந்துரும்.”

தலையைத் தூக்கினேன். லென்ஸ் நுனியில் ஒரு மீன்கொத்தி, தன் சொந்த வீட்டு வாசலில் உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்திருந்தது. நீல வால் கண்ணாடிக்கு முன்னால் தொங்கியது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பறந்தது.

“அதத்தான் சொல்ல வந்தேன்,” என்றார் ஜலாலுதீன். “நாலு மீட்டருக்குள்ள வாறது எதுவும் அதுக்குத் தெரியாது.”

காலண்டர் அட்டைக்கு ஓட்டெடுப்பு வந்தது. கடைசியில் நின்றவை இரண்டே படங்கள். ஒன்று, வழக்கமான சூரியோதயம். இன்னொன்று, ஒரு கண்ணை இறுக மூடி, வாயை ஆவென்று திறந்து, பறவையைத் தேடும் நான். லென்ஸ் நுனியில் அந்தப் பறவை. ஐந்துக்கு ஐந்து என்று நின்றது. மிச்சமிருந்தது என் கை மட்டும்.

“தூக்கும் ஓய், எதுக்காச்சும் தூக்கும்!” என்றார் வைகுண்டராஜன்.

சூரியனுக்குத் தூக்கினால், மறுபடியும் வைகுண்டராஜன். மீன்கொத்திக்குத் தூக்கினால், ஜலாலுதீன். அதுவும் என் லென்ஸில்! எந்தப் பொறாமை கனம் என்று எடைபோட்டுப் பார்த்தேன். சூரியனுடையது பழைய பொறாமை, நன்றாக விளைந்தது. கையைத் தூக்கி மீன்கொத்தியை ஜெயிக்க வைத்தேன்.

இப்போது வடசேரியில் கத்தரிக்காய் வாங்கப் போக முடியவில்லை. “அண்ணாச்சி, பட்சி கெடச்சுதா?” என்று கடைக்குக் கடை கேட்கிறார்கள். அட்டை முழுக்க என் வாய். கீழே மூலையில் ‘படம்: ஜலாலுதீன்’. எறும்பளவு எழுத்துதான், எனக்கு மட்டும் பேனர் அளவுக்குத் தெரிகிறது.

“ஆசப்பட்ட மாதிரி அட்டையில வந்தாச்சுல்லா? பெறவு எதுக்கு மூஞ்சத் தூக்கி வச்சிருக்கிய?” என்கிறாள் நாகம்மை.

போன மாற்று ஞாயிறு ஜலாலுதீன் பெட்டியோடு வந்தார். “ஓய், உம்ம சின்ன லென்ஸத் தாரும். அது ராசியுள்ள சாதனம்.”

“தரமாட்டேன். உம்ம பீரங்கிய நீரே சொமந்துக்கிடும்.”

அவர் முக்காலி போட்டுக் கண்ணை ஒட்டவைக்கும் வரை காத்திருந்தேன். பிறகு பைய நடந்துபோய், மீன்கொத்திக்கென்று சட்டைப் பையில் வைத்திருந்த நெத்திலியை அவர் லென்ஸ் நுனிமேல் வைத்துவிட்டு, பக்கவாட்டில் தள்ளி நின்று என் ஐம்பது எம்.எம்மைத் தூக்கிப் பிடித்தேன்.

வந்தது காக்கா.

“ஓய் சுயம்பு,” என்று கண்ணை எடுக்காமல் கத்தினார் ஜலாலுதீன், “இதுல என்னமோ கறுப்பா தெரியுதுவே!”

“ஃபங்கஸுதான், அனங்காதயும்!” என்றேன். கிளிக்.

அடுத்த வருஷ அட்டைக்குக் காக்காவுக்கு என்ன குறைச்சல்?