ஒரு முழம் உள்ளே

என் மனைவி கையில் லேபிள் மெஷின் கிடைத்துவிட்டால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். நாங்கள் வேலை எடுத்திருந்த பல் ஆஸ்பத்திரியின் அறைகளிலிருந்து நான் இழுத்து வந்த நெட்வொர்க் கேபிள்களுக்கெல்லாம் இரண்டு முனையிலும் எண் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"கேபிளுக்கு நகை போட்டு அழகு பாக்குறியா? சட்டுனு முடி," என்று எரிந்து விழுந்தேன்.

பின்னே என்ன? மறுநாள் ஆஸ்பத்திரி திறப்பு. சாயங்காலத்துக்குள் எல்லாம் ஓடினால் மேல்மாடி வேலைகளும் எங்களுக்குத்தான் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் வேறு ஆளாம். நாங்கள் சொந்தமாகத் தொழில் தொடங்கிய பிறகு கிடைத்த முதல் பெரிய வேலை.

அவள் ஒட்டி முடித்து முன்னறைக்குப் போனாள். எல்லா அறைக் கேபிள்களும் வந்து சேரும் ரேக்குக்குள் நுனிகள் நெட்டையும் குட்டையுமாகத் தொங்கின. அலங்கோலம் எனக்கு ஆகவே ஆகாது. கட்டரை எடுத்து எல்லாவற்றையும் ஒரே அளவாக நறுக்கினேன். அடடா, என்ன அழகு! குனிந்து பார்த்தால், துண்டுகளோடு லேபிள்களும் தரையில் கிடக்கின்றன.

இனி எது எந்த அறைக்குப் போகிறது? ஒவ்வொன்றாகச் சோதித்தால் விடிந்துவிடும். துண்டுகளை வாரிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுத் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன்.

டீ குடித்த கப்பைப் போட வந்தவள் கூடையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வெட்டிட்டீங்களா?"

"அது... கொஞ்சம் நீட்டிக்கிட்டு இருந்துச்சு."

திட்டுவாள் என்று பார்த்தால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்!

"சுவர்ல இருக்கிற அந்தக் கேசிங் மூடியக் கழட்டுங்க."

கழற்றினேன். கேபிள்கள் சுவரோடு வரும் இடத்தில், ஒரு முழம் உள்ளே, ஒவ்வொன்றிலும் இன்னொரு லேபிள். எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில், 'இங்கயும் வெட்டாதீங்க.'

"கட்டிக்கிட்ட நாள்லேருந்து பாக்குறேன். உங்க கை சும்மா இருக்காதுன்னு எனக்குத் தெரியாதா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"ஐயோ, விடுங்க! டாக்டரம்மா வராங்க!"

சாயங்காலம் எல்லா அறையிலும் கம்ப்யூட்டர்கள் ஓடின. டாக்டரம்மா மேல்மாடிச் சாவிக்கொத்தை நேராக அவள் கையில் கொடுத்தார். எனக்கு ஒரு பொறாமையும் இல்லை, சத்தியமாக.

அடுத்த வாரம் மேல்மாடியில் கட்டரை எடுத்தேன். கைப்பிடியில் புது லேபிள்: 'என்னைக் கேட்டீங்களா?'

மாடிப்படியில் நின்று கட்டடமே கேட்கக் கத்தினேன். "ஏம்மா, வெட்டட்டுமா?"