பூட்டில்லாத செல்கள்

பெரியவர் ஆய்வுக்கூடத்துக்குள் வந்ததும் தங்கை எழுந்து நின்றாள். அவர் உட்காரச் சொல்லவில்லை. அண்ணனும் தங்கையும் முகம் கொடுத்துப் பேசி மாதக்கணக்கில் ஆகிறது. பேச வேண்டியதையெல்லாம் தங்கையின் கணவர்தான் தபால்காரர் மாதிரி இங்கும் அங்கும் சுமந்துகொண்டிருந்தார்.

பகை ஒரு மருந்தைப் பற்றியது. கல்லீரலில் தழும்பு கட்டும் நோயில், சாதுவாக இருந்த செல்கள் முறுக்கேறிக் கயிறுபோல் விறைத்துவிடும். செல்லின் மேலிருக்கும் ஒரு புரதத்தைத் தூண்டினால்தான் அந்த விறைப்பு இளகும், வேறு வழி கிடையாது என்று சொன்னவர் இவர்களுடைய அப்பா. அந்தப் புரதத்துக்கு ஆய்வுக்கூடத்தில் 'பூட்டு' என்றே பெயர். அப்பா காலமான பிறகு தலைமைக்கு வந்த பெரியவர், பூட்டுக்குச் சாவி தேடுவதையே குலத்தொழிலாக நடத்தினார். தங்கை அந்த வழியில் போகவில்லை. நோயுற்ற செல்களைத் தட்டுகளின் சின்னச் சின்னக் குழிகளில் வளர்த்து, குழிக்கு ஒரு ரசாயனமாக விட்டு, எதில் செல் இளகுகிறது என்று மட்டும் பார்த்தாள். மருந்து எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்பதைப் பிறகு தேடிக்கொள்ளலாம் என்றாள்.

"இதுக்குப் பேரு ஆராய்ச்சியா? குருட்டுப் பூனை விட்டத்துல பாஞ்ச மாதிரி இருக்கு" என்று மாப்பிள்ளையிடம் சொல்லியனுப்பினார் பெரியவர்.

"பூனைக்கு எலி கிடைச்சுதான்னு மட்டும் பாருங்க." பதிலும் அதே வழியில் வந்தது.

கிடைத்தது. ஒரு ரசாயனம் செல்களை இளக்கியது. முதல் தடவை அது தட்டின் ஓரக்குழியில் விழுந்திருந்தது. "ஓரத்துல தண்ணி வத்தும், செல்லு கண்டபடி நடிக்கும். இதுகூடத் தெரியாதா உனக்கு?" என்று அதைக் குப்பையில் போடச் சொன்னார். அவள் நடுக்குழிகளில் வைத்துத் திரும்பச் செய்தாள். அங்கும் இளகியது. உடனே அவர் பேச்சை மாற்றினார்.

"அப்படின்னா அது அப்பாவோட பூட்டைத்தான் திறக்குது. புதுசுன்னு சொல்லித் தம்பட்டம் அடிக்காதே."

"பூட்டே இல்லாத செல்லுல போட்டுப் பாத்துடுவோமா?"

அதற்காகத்தான் இன்று வந்திருந்தார். பூட்டுக்கான மரபணுவை அறவே நீக்கிய செல்களை அவரே தம் கையால் வளர்த்துக் கொடுத்திருந்தார். அவள் கையை அவர் நம்பவில்லை. சில குழிகளில் மருந்து, மற்றவற்றில் மருந்து கலக்காத வெறும் கரைப்பான். எது எங்கே என்பது மாப்பிள்ளைக்கு மட்டும் தெரியும். அப்பா சொன்னது சரி என்றால் ஒரு குழியும் இளகக்கூடாது. இளகவில்லையென்றால் தங்கையின் வேலைக்கு இன்றோடு மூடுவிழா. தீர்ப்புச் சொல்வது பெரியவரின் கண். படமெடுத்து அளக்கும் இயந்திரத்தை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"மிஷின் பொய் சொல்லாது மச்சான்."

"அதுக்கு மானம் கிடையாது மாப்பிள்ளை. மானம் இல்லாதது உண்மை சொன்னா என்ன, பொய் சொன்னா என்ன?"

"அதுவும் சரிதான். அதுக்குச் சேர வேண்டிய மானத்தையும் உங்க குடும்பமே எடுத்துக்கிச்சு."

பெரியவர் நுண்ணோக்கியில் குனிந்தார். முதல் வரிசை முழுக்க விறைத்த செல்கள். அவருடைய தோள் சற்றே தளர்ந்தது. இரண்டாம் வரிசையின் நடுவில் கை நின்றது. அந்தக் குழியில் செல்கள் முறுக்கு விட்டு, அகன்று படிந்து கிடந்தன. உள்ளே பொடிப்பொடியாக எண்ணெய்த் துளிகள் மினுங்கின. நலமான செல்லுக்குத்தான் அந்த மினுக்கம் வரும்.

அந்தக் கண்ணாடி வழியே பார்ப்பவர் அவர் ஒருவர்தான். 'ஒன்றுமில்லை' என்று ஒரு சொல் சொன்னால் அப்பாவின் வாக்கு நிற்கும். எதிரே தங்கை மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். அவள் பிழைத்துப்போவது அவருக்குக் கசந்தது. ஆனால் கண்ணால் கண்டதை இல்லையென்று சொல்லும் வாய் அவர் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை.

"ரெண்டாவது வரிசை, நாலாவது குழி. இளகியிருக்கு" என்றார். பிறகு அடுத்ததைச் சொன்னார். அதற்கு அடுத்ததையும். சொன்னதெல்லாம் மருந்துக்குழிகள்தான் என்று மாப்பிள்ளை தலையாட்டினார்.

"அப்போ வேற ஏதோ புரதம் இருக்குண்ணே. இனி அதைத் தேடணும்" என்றாள் தங்கை. குரல் இளகியிருந்தது.

"இளகியிருக்குன்னு செல்லைச் சொன்னேன். என்னைச் சொல்லல."

மாப்பிள்ளை இடையில் புகுந்தார். "மத்தியானக் கூட்டத்துல நான் சொல்லிடறேன் மச்சான். உங்களுக்கு எதுக்குச் சங்கடம்?"

"எங்க அப்பா தப்புன்னு சொல்ல நீங்க யாரு?"

"அப்போ நான் சொல்றேன்" என்றாள் தங்கை.

"நீ சந்தோஷமா சொல்லுவே. அதான் வேண்டாங்கறேன்."

கூட்ட அறையில் எல்லோரும் உட்காரும் வரை பெரியவர் நின்றுகொண்டே இருந்தார். கையில் தாள் எதுவும் இல்லை.

"எங்க அப்பா சொன்னது தப்பு. பூட்டு இல்லாத செல்லும் இளகுது. என் கண்ணால பார்த்தேன். கண்டுபிடிச்சது என் தங்கை."

பின்வரிசையில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். பெரியவர் அந்தப் பக்கம் பார்த்தார். சிரிப்பு அடங்கிற்று. வேறு யாருக்காவது தம் அப்பாவைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா என்று கேட்டார். தங்கை இருந்த பக்கம் திரும்பாமலே அவர் வெளியேறினார்.