மூன்று சேர்ந்தால் பற்றவைக்கவும்

உலகில் நெருப்பை முழுமையாகப் புரிந்துகொண்டவர்கள் இதுவரை இரண்டே பேர். முதலாமவர் அதைக் கண்டுபிடித்தவர்; குகையில் குடியிருந்ததால் விலாசம் கிடைக்கவில்லை. இரண்டாமவர் நகராட்சி எரிவாயு தகனமேடையின் ஆபரேட்டர். இதைச் சொன்னவரும் அந்த ஆபரேட்டர்தான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, சிரிக்காமல் சொன்னார். கேட்டவர்களும் சிரிக்கவில்லை. என்றைக்கு இருந்தாலும் அவர் கைக்குத்தான் போய்ச் சேர வேண்டும் என்பதால் ஊரில் யாரும் அவரைப் பகைத்துக்கொள்வதில்லை.

ஊர் அவருக்கு வைத்த பெயர் பர்னர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை நிமிடம் பிடிக்கும் என்று சொல்லிவிடுவார். இறந்தவர்களை மட்டும் என்றில்லை. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்து, "எண்பது நிமிஷம்" என்று முணுமுணுத்து, மனைவியிடம் தொடையில் கிள்ளு வாங்கியிருக்கிறார்.

"நான் கொடுக்கறது நெருப்பு இல்லைய்யா, மரியாதை. அந்த நெருப்புல ஒரு பொட்டு வேற எதுக்கும் போகக் கூடாது" என்பது அவருடைய கொள்கை. பீடியைக்கூட உலைப் பக்கம் பற்றவைக்க மாட்டார். வாசலுக்கு வந்து தீப்பெட்டி உரசுவார்.

அப்போதுதான் சண்டை வந்தது. எங்கோ இரண்டு நாடுகள் கடலை மறித்துக்கொண்டு அடித்துக்கொள்ள, கேஸ் கப்பல்கள் பாதி வழியில் நின்றன. முதல் மாதம் சிலிண்டர் விலை இரண்டு மடங்கானது. இரண்டாவது மாதம் நான்கு மடங்கு. மூன்றாவது மாதம் விலை மட்டும் இருந்தது, சிலிண்டர் இல்லை. வசதியுள்ள வீடுகளில் வெங்காயம் வதங்கும் வாசனை தெருவுக்குப் போகாமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைத்தார்கள். விறகுக் கடைக்காரர் திடீரென்று பெரிய மனிதரானார். கரண்ட் காலையில் ஒரு மணி நேரம் வந்தது, பல்பின் கம்பி சிவக்கிற அளவுக்கு.

தகனமேடைக்கும் கேஸ் அளந்துதான் வந்தது. சூப்பர்வைசர் வாசலில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்: 'குளிர்ந்த உலையைச் சூடேற்றவே பாதி எரிவாயு செலவாவதால், இனி மூன்று உடல்கள் சேர்ந்த பிறகே உலை பற்றவைக்கப்படும். பொதுமக்கள் ஒத்துழைக்கவும்.' பொதுமக்கள் எந்த விதத்தில் ஒத்துழைக்க வேண்டும் என்று அதில் போடவில்லை. வால்வுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை அவரே வைத்துக்கொண்டார். கண்ணால் மூன்றை எண்ணினால்தான் சாவி வரும்.

உலைக்குப் பின்சுவரில், புகைக்குழாய் கிளம்பும் இடத்தில், ஒரு சதுர இரும்புத் தட்டு உண்டு. உலை எரியும்போது அது தோசைக்கல் மாதிரி காயும். ஒருநாள் பர்னர் அந்தப் பக்கம் போனபோது அதன் மேல் ஒரு தூக்குச்சட்டி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் வாட்ச்மேன், கையில் துணியோடு.

"யோவ், என்னய்யா இது?"

"கஞ்சிண்ணே. வீட்டுல அவளுக்கு. சூடா இருந்தாத்தான் தொண்டையில இறங்குது."

வாட்ச்மேனின் மனைவி நான்கு மாதமாகப் படுக்கையில் இருப்பது பர்னருக்குத் தெரியும். ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறது.

"யாரோட சூடு தெரியுமா இது?"

வாட்ச்மேன் யோசித்தார். "பத்து மணிக்கு வந்தவரு... போஸ்ட் ஆபீஸ்ல இருந்தவருண்ணே."

"ஒரு போஸ்ட் மாஸ்டர் மேல கஞ்சி வைக்கிறியே, உனக்கு வெக்கமா இல்லை?"

"அவரு ஒண்ணும் சொல்லலைண்ணே. எப்படியும் மேல போற சூடுதானே."

"மேல போறதுக்குத்தான்யா அது. உன் வீட்டுக்குப் போறதுக்கு இல்லை."

அன்று சாயங்காலமே டீக்கடையில் பர்னர் இதை நடித்துக் காட்டினார். துணியைப் பிடிக்கிற கை, ஊதுகிற வாய், எல்லாம் தத்ரூபம். வாட்ச்மேனுக்கு 'பிணக்கஞ்சி' என்று பெயர் விழுந்தது. பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகள்கூட வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டு ஓடினார்கள். அதோடு விட்டிருக்கலாம். பர்னருக்கு எழுத்து நன்றாக வரும் என்பதுதான் கேடு. இறந்தவரின் கண்ணியம், துறையின் மாண்பு என்று இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதினார். 'துறைக்குச் சொந்தமான வெப்பத்தைச் சொந்த உபயோகத்துக்கு எடுத்த' குற்றத்துக்காக வாட்ச்மேனுக்கு வேலை போயிற்று. ஒன்பது வருடம் நின்ற வாசலைத் தாண்டும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இந்த விசிலை யார்கிட்டண்ணே கொடுக்கணும்?"

மூன்று வாரம் கழித்து பர்னரின் மகள் பிரசவம் முடிந்து பிறந்த வீட்டுக்கு வந்தாள். ஆண் குழந்தை. அவளுக்குப் பால் ஊறவில்லை, பவுடர் பால்தான். முதல் நாள் பச்சைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்துவிட்டார்கள். குழந்தைக்கு இரண்டு நாள் வயிறு நிற்காமல் போய், கண் உள்ளே போய், ஆஸ்பத்திரியில் வைத்துக் காப்பாற்றினார்கள்.

"தண்ணி கொதிக்கணும்," என்றார் டாக்டர். "வெதுவெதுப்பு கிதுவெதுப்பு எல்லாம் ஆகாது. தளதளன்னு கொதிக்கணும். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா குழந்தை தாங்காது."

அன்றிலிருந்து வீட்டில் மரச்சாமான் குறைய ஆரம்பித்தது. முதலில் முக்காலி. அப்புறம் அலமாரிக் கதவு. அதற்கப்புறம் பர்னர் படுக்கிற கட்டில், கால் காலாக. கடைசியில் அவர் மனைவி சுவரில் இருந்த 'சிறந்த பணியாளர்' சான்றிதழைச் சட்டத்தோடு கழற்றினாள்.

"அது தேக்குடி!"

"நல்லா எரியும்னு சொல்றீங்க," என்று சொல்லி உள்ளே கொண்டுபோனாள். பிறகு அடுப்பை ஊதிக்கொண்டே குரல் கொடுத்தாள்: "ஊர்ல சாகிறவனுக்கெல்லாம் நெருப்பு இருக்கு. உங்க பேரனுக்கு ஒரு டம்ளர் வெந்நீர் இல்லை. ஏங்க, நெருப்பைப் பத்தி எல்லாம் தெரியும்னீங்களே, அது எங்க கிடைக்கும்னு தெரியுமா?"

மகள் மெதுவாக ஆரம்பித்தாள். "அப்பா, அங்க ஒரு ஓரமா..."

"அது மட்டும் நடக்காது. அதுக்காக ஒரு ஆளையே வீட்டுக்கு அனுப்பியிருக்கேன்."

வியாழக்கிழமை காலையில் வீட்டில் எரிக்க எதுவும் இல்லை. காய்ச்சி ஆற வைத்த தண்ணீர் ஒரு பாட்டில் இருந்தது. சாயங்காலம் வரை வரும். பர்னர் சாப்பாட்டுப் பைக்கு அடியில் ஒரு மூடி போட்ட எவர்சில்வர் சட்டியை வைத்துக்கொண்டு கிளம்பினார். மனைவி பார்த்தாள். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள். அந்த ஒரு உதவியை அவள் செய்தாள்.

உலை ஜில்லென்று கிடந்தது. நேற்று வந்த இரண்டு பேர் கூடத்தில் காத்திருந்தார்கள். இன்னும் ஒருவர் வேண்டும். பர்னர் பிணவறைக்கு போன் போட்டார்.

"இன்னைக்கு ஒண்ணும் இல்லைண்ணே," என்றார் பிணவறைக்காரர். "ஒருத்தரு இருந்தாரு. பொழச்சுட்டாரு."

"எப்படி?" பர்னரின் குரல் உயர்ந்துவிட்டது.

"எப்படின்னா? டாக்டர் பார்த்தாரு, பொழச்சாரு."

"நல்லா பார்த்தாங்களா?"

"என்னண்ணே, ஆர்டர் கொடுத்த மாதிரி கேக்கறீங்க!"

பதினொரு மணிக்கு மனைவி போன் செய்தாள். பாதி பாட்டில். பர்னர் வாசலில் போய் நின்று தெருவைப் பார்த்தார். தடி ஊன்றிய ஒரு கிழவர் எதிர்ப் பக்கத்திலிருந்து ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். 'நாற்பத்தைந்து நிமிடம்' என்று மனது தானாகக் கணக்குப் போட்டது. ஒரு லாரி வேகமாக வந்தது, நின்றது, வழிவிட்டது. கிழவர் பத்திரமாகக் கடந்துபோய் லாரிக்காரருக்குக் கும்பிடு போட்டார். நாட்டில் எல்லோரும் திடீரென்று நல்லவர்களாகிவிட்டதாக பர்னருக்குத் தோன்றியது.

ஒரு மணிக்கு ஒரு தள்ளுவண்டி வந்தது. மேலே போர்வை போர்த்திய ஒரு சின்ன உருவம். பர்னருக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. "வாங்க வாங்க வாங்க" என்று, சம்பந்தி வீட்டாரை அழைப்பது போல இரண்டு எட்டு முன்னால் போனார். வண்டியைத் தள்ளி வந்தவர் நிமிர்ந்தார். வாட்ச்மேன்.

"அவ காலையில போயிட்டாண்ணே. மூணு நாளா ஒண்ணுமே இறங்கலை."

"சூடா ஏதாவது கொடுக்கலையா?" துக்க வீட்டில் கேட்கிற கேள்வியாக அது வாயில் வந்துவிட்டது.

"எதுலண்ணே சூடு பண்றது?" என்றார் வாட்ச்மேன். குத்திக் காட்டவில்லை. பதில் தெரியாமல்தான் கேட்டார்.

சூப்பர்வைசர் வந்து விரல் நீட்டி எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு. பத்த வை." கனத்த உடம்பு முதலில், ஒல்லி கடைசியில் என்பது வழக்கம், உலை நன்றாகக் காய்ந்த பிறகு ஒல்லிக்கு அதிக கேஸ் ஆகாது. வாட்ச்மேனின் மனைவி மூன்றாவது. வாட்ச்மேன் வெளி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

இரும்புத் தட்டு அரை மணியில் காய்ந்துவிட்டது. ஆனால் கேஸ் மீட்டரும் அதே பின்சுவரில்தான் இருந்தது. சூப்பர்வைசர் நாற்காலியைப் போட்டு, நோட்டை மடியில் வைத்து, மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் ஆள் முடிந்தார். இரண்டாவது ஆளும் முடிந்தார். பை ஆணியிலேயே தொங்கியது. ஐந்து மணிக்கு சூப்பர்வைசர் எழுந்து சோம்பல் முறித்தார். "கடைசியை நீயே பார்த்துக்க. முடிஞ்ச அடுத்த நிமிஷம் அணைச்சுடணும். ஒரு பொட்டு வீணாகக் கூடாது." பர்னர், "எனக்கா சொல்றீங்க?" என்றார்.

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை தாண்டியதும் மூன்றாவது உடம்பை உள்ளே அனுப்பிக் கதவை இறக்கினார். குழாயில் சட்டி நிறையத் தண்ணீர் பிடித்துத் தட்டின் மேல் வைத்தார். போனில் மனைவி, "பாட்டில் காலி. அழறான்" என்றாள். "கொண்டு வரேன்" என்றார். எதை, எங்கிருந்து என்று அவள் கேட்கவில்லை.

நாற்பது நிமிடத்தில் பார்வைத் துளையில் கண்ணை வைத்தார். உள்ளே முடிந்திருந்தது. வெறும் உலைதான் எரிந்துகொண்டிருந்தது. கை பழக்கத்தில் வால்வுக்குப் போயிற்று. நின்றது. பின்பக்கம் போய்ச் சட்டியைத் திறந்தார். அடியில் கடுகளவு குமிழிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றும் மேலே வரவில்லை.

திரும்பி வந்து வால்வை இன்னும் ஒரு சுற்று திறந்தார்.

"அண்ணே," வாட்ச்மேன் கதவோரம் நின்றார். "ஆயிடுச்சா?"

"இன்னும் பத்து நிமிஷம்."

"அவ உடம்புல ஒண்ணுமே இல்லையேண்ணே. சீக்கிரம் ஆயிடும்னு நினைச்சேன்."

"ஒல்லியா இருந்தாத்தான்யா நேரமாகும்," என்றார் பர்னர், இருபத்திரண்டு வருட அனுபவத்தோடு. "கொழுப்பு இருந்தா தானா எரியும்."

வாட்ச்மேன் ஒன்பது வருடம் அந்த வாசலில் நின்றவர். உலைச் சத்தத்தைச் சிறிது நேரம் கேட்டார். பிறகு தலையாட்டினார். "ஆமாண்ணே. நல்லா சாப்பிட வச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, பெஞ்சுக்குத் திரும்பிப் போனார்.

பர்னர் பின்பக்கம் போனார். தட்டின் ஒரு மூலையில், குழாயை ஒட்டி, தூக்குச்சட்டி அளவுக்கு வட்டமாக ஒரு கறுப்புத் தடம் இருந்தது. அங்கேதான் சூடு அதிகம் போலிருக்கிறது. துணியால் பிடித்துச் சட்டியை அதன் மேல் நகர்த்தி வைத்து, மூடியைச் சத்தம் வராமல் மூடினார்.