முதலில் அவரிடம் சொல்லியிருக்கலாம்

திண்டிவனத்தில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் மாதம் ஒருமுறை டாக்டர்கள் கூடி, ஒருவர் செய்த சிகிச்சையை மற்றவர்கள் அலசுவார்கள். எண்பத்தாறில் ஒரு கூட்டத்தில் மயக்க மருந்து டாக்டர் தேவகி எழுந்து, சர்ஜன் மாயவனைப் பற்றிப் பேசினாள். அவர் போட்ட தையல்கள் சமீபமாகப் பிரிந்துவிடுகின்றன, ரத்தக்குழாயைக்கூடத் தடவித்தான் தேடுகிறார், அவர் ஆபரேஷன் செய்வதை நிறுத்திவைப்பது நல்லது என்றாள்.

அத்தனையும் உண்மை. யாரும் மறுக்கவில்லை.

மாயவன் மட்டும், "ஏம்மா, இத்தினி வருஷமா ஒரே டேபிள்ல நின்னுக்கினு இருந்தோம். எங்கிட்ட முதல்ல சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். அந்த வாரமே வேலையை விட்டுப் போய்விட்டார்.

கண்ணில் புரை என்று பிறகுதான் தெரிந்தது. புரையை எடுத்ததும் பார்வை தெளிந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு, தேவகி விழுப்புரத்துக்கு பஸ் ஏறினாள். அங்கே ஒரு சின்ன கிளினிக்கில் அவர் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"திரும்பி வந்துடுங்க சார். உங்கள மாதிரி குடல் ஆபரேஷன் பண்ண அங்க ஆளே இல்ல."

"நீ சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லம்மா. தனியா சொல்லியிருந்தா கண்ணைக் காட்டிக்கினு வந்து நின்னிருப்பேன். அத்தினி பேரு முன்னாடி கேட்டப்புறம், என் கையை நானே நம்பல."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவகிக்கு மன்னிப்புக் கேட்பது சுலபமாக இருந்திருக்கும். அவர் வரவழைத்த டீயைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினாள்.

அதன்பிறகு கூட்டத்தில் எந்த டாக்டரைப் பற்றிப் பேசுவதானாலும், முதலில் அந்த டாக்டரின் அறைக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுத்தான் பேசினாள்.