லமினேற் செய்த ஆறு

இளையதம்பிக்கு வந்த கோபத்தில் துணுக்காய் ஊரே பற்றி எரிந்திருக்கும்.

"ஆரடி உனக்கு இந்த மூளையைத் தந்தது?"

தங்கச்சியின் மகள் கஜனி சோதனைச்சாவடி தாண்டப் பாஸ் எடுத்து வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய், இரண்டு நாள் அலைச்சலோடு அப்போதுதான் கொட்டிலுக்குள் நுழைந்திருந்தாள். படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுவரச் சொல்லித்தான் அவர் கொடுத்தனுப்பினார். அவள் அதை லமினேற் செய்து, பிளாஸ்ரிக்குக்குள் புதைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

அது என்ன கலண்டர்ப் படமா? நில அளவைக் கந்தோரில் வேலை பார்த்த காலத்தில், நுவரெலியாவில் ஒரு தோட்டத்துரை பங்களாச் சாமான்களை விற்றுவிட்டுச் சீமைக்குப் புறப்பட்டபோது பிடித்த பைத்தியம். பழைய ஆங்கிலேய நிலக்காட்சி அச்சுப்படங்கள் பன்னிரண்டு சேர்த்தார். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிவந்தபோது சனம் அரிசியும் சட்டியும் தூக்கியது, இவர் படங்களைத் தூக்கினார். எட்டு மழையோடு போயின. மூன்று கறையானுக்குப் போயின. மிஞ்சியது இந்த ஒன்றுதான், பொழுதுபடும் நேரத்து ஆறு. மெசொடின்ற். செப்புத்தகடு முழுவதையும் சொரசொரப்பாக்கி, வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் சுரண்டிச் சுரண்டி எடுத்து அச்சிடுவது. விரல் வைக்கவே கூசும் அந்த வெல்வெட்டுக் கறுப்பு, இப்போது தார் ஊற்றினதுபோலப் பளபளத்தது.

"கண்ணாடி போட்டால் ட்ரக்டரில வரேக்க நொருங்கிப்போகும் மாமா. எங்கட காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் எல்லாத்தையும் இப்பிடித்தானே காப்பாத்தி வைச்சிருக்கிறம்?"

"வெள்ளை ஓரம் எங்க? கீறினவன்ர கையெழுத்து எங்க?"

"மெசினுக்குள்ள போகேல்லை எண்டு கடைக்காரர் வெட்டிப்போட்டார்."

"வெட்டிப்போட்டாரோ! அவற்ர கையை வெட்டவேணும்!"

நூறு வருசமாக ஆர் ஆரோ பொத்திப் பொத்தி வைத்திருந்த ஓரம் வவுனியாக் குப்பையில் கிடக்கிறது. அதை நினைக்க நினைக்க அவருக்கு நெஞ்சு கொதித்தது. முகச்சவரப் பிளேட்டை எடுத்தார்.

"வேண்டாம் மாமா. படம் வடிவாத் தெரியுதுதானே. அப்பிடியே இருக்கட்டும்."

"நீ வாயைப் பொத்து. காத்துப் படாட்டில் கடதாசி செத்துப்போகும்."

மூலையைக் கீறி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். பிளாஸ்ரிக் உரிந்து வந்தது. ஆறும் அதோடு வந்தது. தாள் மேல்தோலும் அடித்தோலுமாகப் பிளந்து, வானமும் தண்ணீரும் பிளாஸ்ரிக்கில் சுருண்டு கிழிந்தன. மடியில் மிஞ்சியது வெறும் வெள்ளைக் கடதாசி.

இளையதம்பி ஏசுவதற்கு வாயைத் திறந்தார். கஜனி தலையைக் குனிந்து, வாங்கிக்கட்டத் தயாராக நின்றாள்.

பிளேட் அவருடைய கையில்தான் இருந்தது.