சாம்பல் நிறத்தில் ஓர் ‘ஆம்’

பதினொன்று நாற்பதுக்குத் திரையின் நடுவில் அந்தச் சதுரம் வந்து நின்றது. இந்த மென்பொருளை நிறுவ நிர்வாகியின் அனுமதி வேண்டும், அனுமதிக்கிறீர்களா என்று கேட்டது. கீழே இரண்டு பொத்தான்கள். ‘இல்லை’ பளிச்சென்று இருந்தது. ‘ஆம்’ சாம்பல் நிறத்தில் கிடந்தது. அவள் அதை அழுத்தினாள். இன்னும் பலமாக அழுத்தினாள். சுவரில் வரைந்த கதவைத் தட்டுவது போலிருந்தது.

இரண்டு மணிக்குத் தேர்வு. வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் தேர்வு வாரியத்தின் மென்பொருள் கணினியில் இருந்தால்தான் வினாத்தாள் திறக்கும். இரண்டு மணிக்கு உள்ளே இல்லாதவருக்கு இனி அடுத்த வருடம்தான். நேற்றே ஏற்றி வைக்கச் சொல்லியிருந்தார்கள். நேற்று கடையில் வேலைக்கு வேறு ஆள் இல்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அடித்துப் போட்டாற்போலத் தூங்கிவிட்டாள்.

கடை என்பது மூக்குக்கண்ணாடிக் கடை. வருகிறவர்களின் மூக்கில் பிரேமை மாட்டி, ‘உங்களுக்கு எடுப்பா இருக்கு’ என்று சொல்வது அவள் வேலை. சொல்லிச் சொல்லி நாக்கு தேய்ந்துவிட்டது. இப்போது உள்ளறையில் லென்ஸ் பொருத்தும் மேசை காலியாகியிருந்தது. சான்றிதழ் இருந்தால் அந்த நாற்காலி உனக்கு, இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுப்பேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். அவளுக்கு அந்த நாற்காலி வேண்டும்.

“அத்தை, ஞாயித்துக்கிழமை உங்க பையன் கம்ப்யூட்டர்ல என்ன பண்ணினார்?”

மாமியார் சமையலறையிலிருந்து தலையை மட்டும் நீட்டினார். “என் சீட்டாட்டத்தைத் தூக்கிட்டான். அது மட்டும்தான் எனக்குத் தெரியும்.”

அந்தச் சீட்டாட்டத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. மாமியார் அதை எங்கிருந்தோ இறக்கினார். அது தன் உற்றார் உறவினரையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தது. திறந்தால் விளம்பரம், மூடினால் விளம்பரம். ஞாயிறு முழுக்க அவள் கணவன் உட்கார்ந்து துடைத்தெடுத்தான். எழுந்தபோது, “இனிமே யாரும் எதையும் ஏத்த முடியாது. பூட்டியாச்சு” என்றான். அவள் ஒளிவிலகல் பாடத்தில் இருந்தாள். “ம்” என்றாள்.

யாரும் என்பதில் தானும் உண்டு என்று அப்போது தோன்றவில்லை.

கணவனை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. ஆலையில் எலெக்ட்ரீஷியன்கள் கைபேசியை வாசலில் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாசல் எண்ணுக்கு அழைத்தாள்.

“உள்ள வேலை நடக்குதும்மா. பிரேக்லதான் வெளிய வருவாரு.”

“பிரேக் எப்போங்க?”

“இன்னைக்கு ரெண்டுக்கு மேல ஆயிடும்.”

அடுத்து தேர்வு வாரியத்தின் உதவி எண். பாட்டு ஓடி, பாட்டு முடிந்து, ஒரு பெண் வந்தாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

“உங்க அட்மினிஸ்ட்ரேட்டர்கிட்ட பேசுங்க மேடம்.”

“இது வீட்டு கம்ப்யூட்டர். அப்படி யாரும் இல்லைங்க.”

“யாராவது ஒருத்தர் இருப்பாங்க மேடம்.”

மாமியார் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். “என்ன சொல்றா?”

“வீட்டு நிர்வாகியைக் கேக்கணுமாம்.”

“அது நான்தானே? கேக்கச் சொல்லு.”

அவள் சிரிக்கவில்லை. கைபேசியில் தேடத் தொடங்கினாள். உலகம் முழுக்க அந்தச் சாம்பல் பொத்தானைப் பார்த்துக் கதறியிருந்தார்கள். மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்று என்றார் ஒருவர். இன்னொருவர் ஏதோ பென்டிரைவ் கேட்டார். ஒருவர், இது முட்டாள்களுக்கு வரும் பிரச்சினை என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். அவள் கீழே இறங்கிக்கொண்டே போனாள். கடைசியில் ஒருவர் பொறுப்பாக எழுதியிருந்தார். கணினிக்குள் தூங்கும் நிர்வாகிக் கணக்கு ஒன்று எப்போதும் உண்டு. சிலர் அதை எழுப்பி, மற்ற எல்லோருடைய அதிகாரத்தையும் பிடுங்கி, பிறகு அதையும் அணைத்துவிடுகிறார்கள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆலையில் எந்த இயந்திரத்தைத் தொடும் முன்னும் அவன் சுவிட்சில் தன் சிவப்புப் பூட்டை மாட்டுவான். வேலை முடிந்ததும் மறக்காமல் கழற்றி எடுத்து வந்துவிடுவான். மறந்தால் ஆலையே நிற்கும். வீட்டிலும் அதே ஒழுங்கு. மாட்டினான், வேலையை முடித்தான், நல்ல பிள்ளையாகக் கழற்றிக்கொண்டு எழுந்துவிட்டான். ஆலையில் பூட்டைக் கழற்றினால் இயந்திரம் ஓடும். இங்கே அவன் கழற்றியது சாவியை, ‘ஆம்’ சொல்லக்கூடிய ஒரே நிர்வாகியை.

‘சேஃப் மோடில், வெறும் அடிப்படையோடு கணினியை எழுப்பினால், வேறு நிர்வாகி இல்லாத கணினியில் அந்தக் கணக்கு எழுந்து வரும்’ என்றிருந்தது கடைசி வரி.

“அத்தை, இங்க வாங்க. இந்த ஷிப்ட் கீயை அழுத்திப் பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க.”

“விட்டா என்ன ஆகும்?”

“திரும்ப முதல்ல இருந்து.”

மாமியார் ஒரு விரல் போதாதென்று இரண்டு விரல்களை வைத்து அழுத்தினார். அவள் ‘ரீஸ்டார்ட்’டைச் சொடுக்கினாள். நீலத் திரை வந்தது.

“இப்போ விடலாம்.”

“நிஜமாவா?”

“விடுங்க அத்தை.”

நீலத் திரையில் ஒரு பட்டியல், அதற்குள் இன்னொரு பட்டியல். கைபேசியில் ஒரு வரி, திரையில் ஒரு சொடுக்கு. சேஃப் மோடுக்கான நான்கை அழுத்தினாள். கணினி அணைந்து, யோசித்து, எழுந்தது. எல்லாம் பெரிதாகவும் அசிங்கமாகவும் இருந்தன. ஆனால் அவள் பெயருக்குக் கீழே, இதுவரை இல்லாத ஒருவர் வந்து நின்றிருந்தார். அட்மினிஸ்ட்ரேட்டர்.

கடவுச்சொல் கேட்டார்.

ஒன்றும் போடாமல் தட்டினாள். தவறு. கல்யாண நாள், தவறு. மாமியார் தன் பிறந்தநாளைச் சொன்னார். “என் பையன் அதைத்தான் வெச்சிருப்பான்.” தவறு. மாமியாரின் முகம் லேசாக விழுந்தது. கடவுச்சொல் கட்டத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு தெரிந்தது: என் பூட்டு.

ஆலையில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண். அது ஆளுக்கு உரியது. பூட்டு மாறினாலும் எண் மாறாது. பூட்டின் அடியில் குத்தியிருக்கும். பூட்டு அவனோடு ஆலைக்குப் போயிருந்தது.

“போன வருஷம் அவருக்குப் புதுப் பூட்டு கொடுத்தாங்களே. பழசு எங்க அத்தை?”

மாமியார் சமையலறையில் ஏதோ கருகுவது போல அந்தப் பக்கம் பார்த்தார்.

“அத்தை.”

“என் பெட்டியில மாட்டியிருக்கேன்.”

கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இருவருமாக இழுத்தார்கள். அதன் கொண்டியில் சிவப்புப் பூட்டு. மாமியார் மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டார். டாக்டர் அவருக்கு இனிப்பை நிறுத்திய நாளிலிருந்து அந்தப் பெட்டிக்குப் பூட்டு.

“உள்ள என்ன இருக்குன்னு கேக்கக் கூடாது.”

“பெட்டி எனக்கு வேண்டாம் அத்தை. பூட்டு போதும்.”

“அவன்கிட்டயும் சொல்லக் கூடாது.”

“சொல்ல மாட்டேன்.”

பூட்டைத் திருப்பினாள். ஐந்து இலக்கம். தரையில் உரசி உரசித் தேய்ந்திருந்தது. நடு இலக்கம் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. பயிற்சிக்காகக் கடையிலிருந்து கொண்டுவந்த லென்ஸ்களில் எழுத்தைப் பெரிதாக்கும் தடிமனான பிளஸ் லென்ஸை எடுத்தாள். தரையில் குப்புறப் படுத்தாள். “டார்ச்சைப் பக்கவாட்டுல பிடிங்க. நேரா அடிக்காதீங்க, பள்ளம் தெரியாது.” வெளிச்சம் சாய்ந்ததும் தேய்ந்த கோட்டின் விளிம்பில் மெல்லிய நிழல் விழுந்தது. இடது பக்கம் நிழலே இல்லை.

மூன்று.

ஓடிப்போய் ஐந்து இலக்கத்தையும் தட்டினாள், கணினியின் கதவு திறந்தது. கணக்குகள் பக்கத்துக்குப் போய்த் தன் பெயரைத் தொட்டு, ‘ஸ்டாண்டர்டு’ என்றிருந்ததை ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ ஆக்கினாள். தன் கணக்குக்குப் புதுக் கடவுச்சொல்லும் போட்டாள். அதைத் தட்டும்போது மாமியாரை வேறு பக்கம் பார்க்கச் சொன்னாள்.

“எனக்கும் அப்படி ஒண்ணு ஆக்கிக் கொடேன்.”

“முடியாது அத்தை.”

“பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு நீ கேக்கலை. நல்ல பொண்ணுன்னு நினைச்சேன்.”

கணினியை மறுபடி எழுப்பித் தன் கணக்கில் நுழைந்தாள். தேர்வு மென்பொருளைச் சொடுக்கினாள். அதே சதுரம் வந்தது, அதே கேள்வி. ‘ஆம்’ நீலமாக இருந்தது. இந்த முறை மெதுவாகத்தான் தொட்டாள். பச்சைக் கோடு வலப்பக்கம் நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் குடித்தாள்.

கேமரா அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டது. விதிகள் வந்தன. அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. கைபேசி இருக்கக் கூடாது. தேர்வு தொடங்கிய பின் வாய் திறந்து பேசினால் தேர்வு ரத்து. கைபேசியை மாமியாரிடம் கொடுத்து அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். மேலே கடிகாரம் ஓட ஆரம்பித்தது. முதல் கேள்வி ஒரு லென்ஸின் குவியதூரம். பேனாவை எடுத்து வெள்ளைத்தாளில் கோடு போட்டாள்.

வெளியே கைபேசி அடித்தது. மாமியார் எடுத்துப் பேசும் சத்தம் கேட்டது. செருப்பு சரசரவென்று கதவுவரை வந்து நின்றது. அவள் விடையைக் குறித்தாள். இரண்டாவது கேள்வி வந்தது.

“உன் புருஷன்தான் பேசறான். எதுக்கு நீ ஆலை வரைக்கும் கூப்பிட்டேன்னு பதறிட்டான், விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பாஸ்வேர்டு ரொம்ப கஷ்டமாம், உன்னால கண்டுபிடிக்கவே முடியாதாம், எழுதிக்கச் சொல்றான். நானே எழுதி வெச்சுக்கட்டுமா?”